சுகர் இறங்கினால் என்ன செய்வது: வேலை நேரத்துக்கான அறிகுறி வாரி வழிமுறை

பதினான்கு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அங்கே சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருக்காது. லாரி வந்தால் மூட்டை இறங்கி முடியும் வரை எழுந்திருக்க முடியாது. ஆள் நின்றால் பில் போட்டு அனுப்பாமல் டிபன் பாக்ஸைத் திறக்க மனசு வராது. சுகர் இறங்குவது இப்படிப்பட்ட நாட்களில்தான். பலமுறை இறங்கிக் கற்றுக்கொண்டதையும், என் மருத்துவர் திருத்திச் சொன்னதையும் சேர்த்து அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். மாத்திரை, இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரைக் கேட்டுத்தான். ஆனால் லோ, அதாவது சுகர் இறங்கும் நிலை, வந்த அந்தக் கால் மணி நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

விரலில் குத்திப் பார்க்கும் சுகர் மீட்டரில் 70க்குக் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) கீழே காட்டினால் லோ. 54க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறத் தொடங்கும், அப்போது ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிங்கப்பூர், மலேசியா மீட்டர்களில் இவை 3.9, 3.0 என்று வரும். லோ வந்தவர் விழுங்கும் நிலையில் இருக்கும் வரை என் வரிசை ஒன்றுதான்: முதலில் சீனி வாய்க்குள் போகட்டும். ஏன் இறங்கியது என்பதைப் பிறகு தேடலாம், ஆனால் அன்றைக்கே தேட வேண்டும்.

ஆள் பதில் சொல்லவில்லை, விழுங்க முடியவில்லை, அல்லது வலிப்பு

இதை உங்களுக்காக எழுதவில்லை, உங்கள் பக்கத்து மேஜையில் உட்காருபவருக்காக எழுதுகிறேன். அவரிடம் இந்தப் பகுதியை இன்றே காட்டிவிடுங்கள்.

வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர், சோடா, ஜூஸ், தேன் எதுவும் கூடாது. விழுங்கத் தெரியாத நிலையில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் 1990. போனில் பேசும்போது “சுகர் பேஷண்ட், இன்சுலின் போடுபவர், மயங்கிவிட்டார்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வலிப்பு என்றதும் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் பல்லுக்கு இடையில் எதையாவது செருகுவதும் நம் ஊரில் நடக்கும். இரண்டும் வேண்டாம். தலையில் எதுவும் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். மயக்கத்தில் இருப்பவருக்கு இன்சுலின் போடவே கூடாது. “சுகர் கூடித்தான் மயங்கியிருப்பார்” என்று ஊகித்து ஊசியை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் குளுகாகான் (சர்க்கரையை ஏற்றும் மருந்து) ஊசி வைத்திருந்து, போடத் தெரிந்த ஆளும் இருந்தால், அதைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கலாம்.

கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, படபடக்கிறது, பசி பிடுங்குகிறது

இது நல்ல நிலை என்றே சொல்வேன், உடம்பு நேரத்தோடு எச்சரிக்கிறது. சர்க்கரை குறைந்ததும் அட்ரினலின் சுரப்பதால்தான் இந்த நடுக்கமும் படபடப்பும். மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் குத்திப் பாருங்கள். வீட்டிலோ வண்டிப் பெட்டியிலோ இருந்தால் அதைத் தேடிப் போகாதீர்கள், லோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

15 கிராம் வேகமான சர்க்கரையைச் சாப்பிடுங்கள். உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம். ஏறிவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பட்சத்தில் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி சுண்டலோ உள்ளே போகட்டும். சீனி ஏற்றிய சர்க்கரை வெகுநேரம் நிற்காது.

15 கிராம் என்றால் எவ்வளவு? இதில்தான் நான் பல வருடம் தப்புச் செய்தேன். ஒருநாள் கடை மின்தராசில் வைத்துப் பார்த்தேன். தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம் அளவுதான் வருகிறது. ஆக நாலு டீஸ்பூன். அன்றைக்கே குளுக்கோஸ் பவுடரைப் பதினைந்து பதினைந்து கிராமாக எடைபோட்டு, ஏலக்காய் சாம்பிள் போடும் சின்ன ஜிப் கவர்களில் அடைத்தேன். சட்டைப்பையில் ஒன்று, கல்லா டிராயரில் இரண்டு, வண்டிப் பெட்டியில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. மாதம் ஒருமுறை கவரை விரலால் நசுக்கிப் பார்ப்பேன். பவுடர் கட்டிதட்டி இருந்தால் மாற்றிவிடுவேன், நடுங்கும் கையால் கட்டியை உடைக்க முடியாது. பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். தண்ணீர் இல்லாவிட்டால் நாக்கில் போட்டுக் கரைத்து விழுங்கலாம்.

ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் வாங்குவதானால் அட்டையில் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்று இருந்தால் 150 மில்லி வேண்டும். டயட், ஜீரோ என்று எழுதியிருப்பவை இந்த வேலைக்கு ஆகாது.

லோ வந்தவருக்கு அன்போடு எதையாவது வாங்கி வருவார்கள். என் கூட வேலை பார்ப்பவர் ஒருமுறை விளக்குத்தூண் வரை ஓடி ஜிகர்தண்டா வாங்கி வந்தார். அந்த அன்புக்கு நன்றி, ஆனால் பாலும் ஐஸ்க்ரீமும் சேர்ந்தது ரத்தத்தில் ஏற நேரம் எடுக்கும். கொழுப்பு சேர்ந்த எதுவும் இப்படித்தான்: சாக்லேட், லட்டு, கிரீம் பிஸ்கட், கடலை மிட்டாய். இளநீரில் சர்க்கரை குறைவு, ஒரு காய் முழுக்கக் குடித்தாலும் போதாமல் போகலாம். டீக்கடை டீ சூடாக இருக்கும், மளமளவென்று குடிக்க முடியாது. வேறு வழியே இல்லாவிட்டால் டீ மாஸ்டரிடம் டீ கேட்காமல் சீனியை மட்டும் நாலு ஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதுவரை எந்தக் கடையிலும் எனக்கு மறுத்ததில்லை.

நடுக்கமே இல்லை, ஆனால் கணக்குத் தப்புகிறது, எரிச்சல் வருகிறது, பேச்சு குழறுகிறது

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வகைதான். ஒரு மதியம் பன்னிரண்டு வரி உள்ள பில் ஒன்றைக் கூட்டினேன். முதல் தடவை ஒரு தொகை. சரிபார்க்கக் கூட்டினால் வேறு தொகை. மூன்றாவது முறை இன்னொன்று. பேனா முனை ஏழாவது வரியிலேயே நிற்கிறது, அதற்குக் கீழே போகத் தெரியவில்லை. கை நடுங்கவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டைக் காலர் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. கடைப் பையன் பார்த்துவிட்டு, “அண்ணே, வாயத் தொறங்கண்ணே” என்று கவரைப் பிரித்தான். “வேலையப் பாருடா” என்று கையைத் தட்டிவிட்டேன். அவன் விடவில்லை. டம்ளரில் கலக்கி, கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை நகராமல் நின்றான். அதற்குப் பிறகு குத்திப் பார்த்தபோதே 49. தட்டிவிட்டதே எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் முதலில் கெடுவது, “எனக்கு லோ ஆகிறது” என்று ஒப்புக்கொள்ளும் புத்திதான். அதனால் இந்த அறிகுறிக்கு மருந்து உங்கள் கையில் இல்லை, பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கிறது. குறைந்தது இரண்டு பேருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கவர் எங்கே இருக்கிறது, நான் வேண்டாம் என்றாலும் கொடுக்க வேண்டும், நான் விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டு வேலையிடத்தில் மறைத்து வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நடுக்கம் வராததற்குக் காரணங்கள் உண்டு. பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரலால், பிராப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அது படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவிடும். வியர்வையை அடக்காது. அப்படிப்பட்டவர்கள் காரணமில்லாத வியர்வையையே அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு காரணம், அடிக்கடி லோ ஆகி ஆகி உடம்பு எச்சரிப்பதையே விட்டுவிடுவது. சில வாரங்கள் லோவே வராமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பி வரும். இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உங்களுக்கான இலக்கையே அவர் கொஞ்சம் தளர்த்தக்கூடும்.

சீனி சாப்பிட்டு 15 நிமிடம் ஆகியும் ஏறவில்லை

முதலில் எதைச் சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். பிஸ்கட்டோ சாக்லேட்டோ என்றால் காரணம் அதுவே. இப்போது குளுக்கோஸ் எடுங்கள்.

சீனிதான் சாப்பிட்டேன், ஏறவில்லை என்றால் மாத்திரை அட்டையைப் புரட்டி வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இங்கே சகஜம். வோக்லிபோஸின் வேலையே குடலில் சீனியும் மாவுச்சத்தும் உடைவதைத் தாமதப்படுத்துவது. ஆகவே சீனி, வெல்லம், கற்கண்டு, மிட்டாய் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் ஏற்கெனவே உடைந்த சர்க்கரை என்பதால் நேராக ஏறும். தேனும் ஆகும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டைப்பையில் சீனிப் பொட்டலம் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கக் கூடாது. கடையில் குளுக்கோஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள், பழச் சுவையில் வருகிற சிலவற்றில் சீனியும் கலந்திருக்கும். எதுவும் கலக்காத குளுக்கோஸாக வாங்குங்கள்.

மூன்று தடவை 15 கிராம் கொடுத்தும் 70ஐத் தாண்டவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி.

ஏறியது, இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இவற்றால் வந்த லோ ஒருமுறையோடு நிற்காது, ஒரு நாள் முழுக்கக்கூடத் திரும்பத் திரும்ப வரும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருந்து உடம்பை விட்டு வெளியேறவே நேரமாகும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி ஆனால் “சீனி கொடுத்தேன், எழுந்து உட்கார்ந்துவிட்டார்” என்று வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய லோ இது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு லோ வருவது அரிது.

மீட்டர் ஒன்று சொல்கிறது, உடம்பு ஒன்று சொல்கிறது

ஒருநாள் வெல்ல மூட்டைக்குச் சாம்பிள் பார்த்த கையோடு குத்திப் பார்த்தேன். 212. உடம்போ லோ என்றது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 64. விரலில் ஒட்டிய பழச்சாறு, ஸ்வீட், குளுக்கோஸ் பவுடர் எல்லாமே இப்படிப் பொய் சொல்ல வைக்கும். லோவுக்குக் கவரைப் பிரித்த அதே விரலில் 15 நிமிடம் கழித்துக் குத்தும்போதும் கழுவ வேண்டும்.

மீட்டருக்கு என்று ஒரு விலக்கமும் உண்டு. 100க்குக் கீழே 15 வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்பது சர்வதேசத் தர அளவுகோலே அனுமதிப்பது. ஆக 76 என்பது நிஜத்தில் 61 ஆகவும் இருக்கலாம். அறிகுறி இருந்து எண் எழுபதுகளில் இருந்தால் நான் லோவாகவே நடத்துவேன். மேல்கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் போட்டிருப்பவர்களுக்கு, அது ரத்தத்தை விடச் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்திருந்தால் இல்லாத லோவையும் காட்டும்.

கை சுத்தம், மீட்டர் 120, ஆனால் லோ மாதிரியே இருக்கிறது என்றால்? மாதக்கணக்கில் 300லேயே இருந்து இப்போதுதான் மருந்தில் இறங்கிவருபவருக்கு இப்படி இருக்கும். உடம்பு பழையதற்குப் பழகிவிட்டது. சீனி வேண்டாம். தண்ணீர் குடித்து, சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிடுங்கள். ஆனால் வியர்வையோடு நெஞ்சில் அழுத்தமோ, தாடையிலோ இடது கையிலோ வலியோ, மூச்சுத் திணறலோ சேர்ந்திருந்தால் சுகர் பேச்சையே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் வியர்வையாகவும் வரும்.

லோ போனது, ஒரு மணி நேரத்தில் 300

பயத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் தின்றதன் விளைவு. பசி பிடுங்கும்போது 15 கிராமில் நிறுத்துவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எடைபோட்ட கவர் இருந்தால் நிறுத்தலாம். அந்த 300ஐப் பார்த்து எக்ஸ்ட்ரா இன்சுலின் போடாதீர்கள், சாயங்காலம் இரண்டாவது லோ அதிலிருந்துதான் வரும்.

வண்டியில் போகும்போது

ஓரமாக நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துவிடுங்கள். சிக்னலில் நின்றபடியே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டு, எண் சரியானவுடனும் கிளம்பக் கூடாது. பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு விதி, சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் கழித்துத்தான் ஓட்டலாம் என்பது. எண் ஏறினாலும் நிதானம் திரும்ப அவ்வளவு நேரம் எடுக்கும். அங்கே கிளம்பும் முன் 90க்கு மேல் இல்லாவிட்டால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும் என்பதும் உண்டு. நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் தலைவலி, தலையணை நனைந்திருக்கிறது, கெட்ட கனவு

தூக்கத்தில் இறங்கியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே அலாரம் வைத்துப் பாருங்கள். அன்று பகலில் வழக்கத்தைவிட அதிகம் நடந்தீர்களா, குடோனில் மூட்டை தூக்கினீர்களா என்றும் யோசியுங்கள். உடல் உழைப்பு அன்று இரவுகூடச் சர்க்கரையை இறக்கும். மது குடித்தவர்களுக்கும் இதுதான்: கல்லீரல் சர்க்கரையை உருவாக்கி வெளிவிடுவதை மது தடுக்கும், மறுநாள் காலை வரை ஆபத்து நீளும். வாயில் வாடை இருப்பதால் “போதையில் கிடக்கிறான்” என்று விட்டுவிடுவார்கள். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. படுக்கும் முன் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுப் படுங்கள்.

சுகர் வியாதியே இல்லை, ஆனால் பசித்தால் கிறுகிறுக்கிறது

பெரும்பாலும் இது தண்ணீர் குறைவோ, ரத்தசோகையோ, பிரஷர் இறங்குவதோதான். அந்த நேரத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நிஜமாகவே 70க்குக் கீழே, அதுவும் அடிக்கடி என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் இறங்குகிறது

இனிதான் காரணம் தேடுவது. தேதி, மணி, எண், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், ஊசி எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். நான் கடை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

30/70 கலப்பு இன்சுலின் (வேகமானது 30, மெதுவானது 70 சதவீதம்) காலையில் போட்டால் அதன் மெதுவான பகுதி மதியத்தை ஒட்டித்தான் மும்முரமாக வேலை செய்யும். அந்த நேரத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் இறங்காமல் என்ன செய்யும்? காலை கிளிமிபிரைடு விழுங்கிவிட்டு டிபனைத் தவறவிடுவதும் அதே கதைதான்.

புதிதாக ஆன்டிபயாட்டிக் ஏதும் சேர்ந்ததா? லீவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவை சுகர் மாத்திரையோடு சேர்ந்து லோவில் தள்ளும். வயிற்றில் ஊசி போட்டுப் போட்டுத் தடித்த கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கட்டியில் போடும் இன்சுலின் சரியாக ஏறாது. திடீரென்று நல்ல இடத்துக்கு மாற்றினால் அதே அளவு அதிகமாக வேலை செய்யும், எனவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவில் போடுவது மில்லிக்கு 100, அந்த 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்று இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மெடிக்கல் ஷாப்பில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. வாங்கும்போதே இரண்டிலும் எண்ணைப் படித்துவிட்டு நகருங்கள்.

சஷ்டி, பிரதோஷம், ரமலான் என்று பட்டினி இருப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். 70க்குக் கீழே போனால் நோன்பை அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல்.

என் டைரியில் ஒரு தீபாவளி சீசனில் ஒன்பது லோ. ஆறு, மதியம் ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவில். அந்தப் பக்கத்தை மருத்துவர் முன் விரித்து வைத்ததும், மறுபேச்சில்லாமல் காலை ஊசியைக் குறைத்தார். கூடவே பன்னிரண்டேகால் மணிக்கு ஏதாவது சாப்பிடச் சொன்னார். இப்போது அந்த நேரத்துக்குப் போனில் அலாரம் அடிக்கும். நான் எழுந்திருக்காவிட்டால் கடைப் பையன் வந்து பில் புத்தகத்தை மூடிவிட்டு டிபன் பாக்ஸை மேஜையில் வைப்பான். வெளியே லாரி நின்றாலும் இரண்டு இட்லி உள்ளே போன பிறகுதான் அடுத்த பில்.